ராலே பிரபுவும் பீரோவில் தூங்கிய கட்டுரையும்

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். ஹாஸ்டல் மெஸ், கல்ச்சுரல்ஸ், ஸ்டிரைக் நடந்த வருஷம் எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதுகிறார்களாம். நான் யாராவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதினால் ஜூனியர்களுக்கு உபயோகமாக இருக்கும் என்றார்கள். மெக்கானிக்கல்காரனான எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் ராலே பிரபு. அதிர்வுகள் பற்றிய பாடத்தில் ஷாஃப்டின் இயல்பு அதிர்வெண் கண்டுபிடிக்க ராலே மெத்தட் என்று ஒன்று படித்தோமே, அதே ராலே. சிவில்காரர்களுக்கு நிலநடுக்கத்தில் ராலே அலை. எலெக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு ராலே ஃபேடிங். வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று வீட்டில் குழந்தை கேட்டால் அதற்கும் ராலே சிதறல். எல்லா டிபார்ட்மென்டிலும் பாரபட்சம் இல்லாமல் அரியர் வைக்க வைத்தவர் அவர் ஒருவர்தான்!

நான் சொல்ல வருவது அந்தச் சமன்பாடுகளை அல்ல. நாற்பத்தைந்து வருஷமாக ஒருவரும் சீண்டாத ஒரு கையெழுத்துக் கட்டுரையை அவர் தேடி எடுத்த கதை. அதற்கு முன் அவர் யார் என்று பார்த்துவிடலாம்.

ஜான் வில்லியம் ஸ்ட்ரட் 1842 நவம்பர் 12 அன்று இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் பிறந்தார். அப்பா இரண்டாவது ராலே பிரபு. டெர்லிங் என்ற ஊரில் பெரிய பண்ணையும் மாளிகையும். பணத்துக்குக் குறைவில்லை, உடம்புதான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. ஈட்டனில் சேர்த்தார்கள், நோய். ஹாரோவில் சேர்த்தார்கள், மறுபடியும் நோய். கடைசியில் கடற்கரை ஊரான டார்கீயில் ஒரு பாதிரியாரிடம் தனியாகப் படித்தார். 1861-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தபோது அவரிடம் யாரும் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. ரூத் என்ற பேர்பெற்ற கணித ஆசிரியரிடம் பயிற்சி எடுத்து, 1865-இல் கணிதத்தில் யுனிவர்சிட்டி முதல் இடத்தைப் பிடித்தார்.

ஒரு பிரபு வீட்டு மூத்த பிள்ளை விஞ்ஞானம் செய்வது அந்தக் காலத்தில் கொஞ்சம் கௌரவக் குறைச்சல். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1871-இல் ஈவ்லின் பால்ஃபரைக் கல்யாணம் செய்துகொண்டார். மைத்துனர் ஆர்தர் பால்ஃபர் பிற்பாடு பிரிட்டிஷ் பிரதம மந்திரி ஆனவர். அடுத்த வருஷமே வாத ஜுரம் வந்து உயிர் பிழைத்ததே பெரிய பாடு. குளிர்காலத்தை எகிப்தில் கழிக்கச் சொல்லி டாக்டர்கள் அனுப்ப, நைல் நதியில் படகில் போய்க்கொண்டே ஒலியைப் பற்றிய தன் பெரிய புத்தகத்தை எழுத ஆரம்பித்தார். 1877, 1878-இல் இரண்டு பாகமாக வந்த அந்தப் புத்தகம்தான் பிற்பாடு அந்தப் பழைய கட்டுரையின் பக்கம் அவரை இழுத்துக்கொண்டு போனது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1873-இல் அப்பா இறந்து இவர் மூன்றாவது ராலே பிரபு ஆனார். விவசாயத்தைத் தம்பி எட்வர்ட் பார்த்துக்கொண்டார். ராலே பிரபு பண்ணைப் பால் லண்டன் வரை விற்பனைக்குப் போனது. அண்ணன் வீட்டிலேயே பரிசோதனைக்கூடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 1879-இல் மேக்ஸ்வெல் இறந்தபோது கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் பேராசிரியர் பதவிக்கு இவரைக் கூப்பிட்டார்கள். ஐந்து வருஷம் இருந்தார். நாம் சர்வசாதாரணமாக மல்டிமீட்டரில் பார்க்கும் ஓம், ஆம்பியர், வோல்ட் அலகுகளைத் துல்லியமாக அளந்து நிலைநிறுத்திய வேலையில் பெரும் பங்கு அங்கே நடந்தது. மனைவியின் அக்கா எலினர் சிட்ஜ்விக் அதில் கூட உட்கார்ந்து அளந்தார். லேப் வகுப்புகளைப் பெண்களுக்கும் சம உரிமையோடு திறந்துவிட்டதும் இவர் காலத்தில்தான். 1884-இல் பதவியை விட்டு டெர்லிங் திரும்பினார்.

1885-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஆனார். இவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் 31 வருஷம் இருந்தவர் ஸ்டோக்ஸ். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் வரும் அதே ஸ்டோக்ஸ். செயலாளர் என்றால் மினிட்ஸ் எழுதும் வேலை அல்ல. உலகம் முழுவதிலிருந்தும் வந்து சேரும் கட்டுரைகளை யாருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது, எதை அச்சிடுவது, எதைச் சுருக்கமாகப் போடுவது, எதை உள்ளே வைத்துப் பூட்டுவது என்ற போக்குவரத்து முழுக்க அவர் மேஜை வழியாகத்தான் நடக்கும்.

நம் ஆபீஸில் ஒரு டிராயிங் வந்தால் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று கட்டம் மூலையில் இருக்கும். ஆராய்ச்சிக் கட்டுரையில் அந்த நடுக் கட்டத்துக்காரர்தான் ரெஃபரி. ராயல் சொசைட்டியில் 1832-இலிருந்து ரெஃபரிகள் கருத்தை எழுத்தில் கொடுத்தார்கள். நம் டிராயிங்கில் சரிபார்த்தவர் கையெழுத்து எல்லார் கண்ணுக்கும் தெரியும். அங்கே ரெஃபரி யார் என்பது ரகசியம். ஆனால் அவர் எழுதிய காகிதத்தை மட்டும் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்தினார்கள். அதனால்தான் இந்தக் கதை நமக்குத் தெரிகிறது.

செயலாளர் ஆன அடுத்த வருஷமே ராலேக்கு ஒரு வேடிக்கை அனுபவம். 1886-இல் பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற இன்னொரு அமைப்பின் கூட்டத்துக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். எப்படியோ அவர் பெயர் விட்டுப்போய்விட்டது. பார்த்த கமிட்டி, யாரோ கிறுக்குப் பிடித்த ஆசாமி எழுதியது என்று தள்ளிவிட்டது. எழுதியவர் ராலே பிரபு என்று தெரிந்ததும் அதே கட்டுரையில் திடீரென்று சரக்கு இருப்பது தெரிந்துவிட்டது! இதை அவர் மகனே பிற்பாடு அப்பாவின் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பேப்பரில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, மேலே பெயர் மட்டும் ஏறியது. வைவாவில் யாருடைய மாணவன் என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் கேள்வி கேட்ட எக்ஸ்டெர்னல்களைப் பார்த்திருக்கும் நமக்கு இது ஒன்றும் புதிதல்ல.

பெயர் இருந்ததால் ராலே தப்பித்தார். பெயர் இல்லாத ஒருவர் தப்பிக்கவில்லை.

ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் 1811-இல் எடின்பரோவில் பிறந்தவர். அரக்கு முத்திரை வியாபாரக் குடும்பம். சிவில் இன்ஜினியர்களிடம் தொழில் பழகி, லண்டன் வந்து ரயில்வே சர்வே வேலை பார்த்தார். 1839-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை பம்பாய்க்கு அனுப்பியது. கம்பெனிக் கப்பல்களில் சேரும் பையன்களுக்குப் பாடம் நடத்தும் உத்தியோகம். ஓய்வு நேரம் நிறைய. அந்த நேரத்தில் வாயுக்களைப் பற்றி யோசித்தார். வாயு என்பது ஓயாமல் பறந்து மோதிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகளின் கூட்டம்; வெயிலில் பறக்கும் கொசுக் கூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். அந்த மோதல்தான் அழுத்தம், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது வெப்பநிலை. கலந்திருக்கும் வெவ்வேறு வாயுக்களின் மூலக்கூறுகள், கனமானதும் லேசானதும், சராசரியில் ஒரே அளவு இயக்க ஆற்றல் கொண்டிருக்கும். நாம் பிளஸ் டூவில் நாலு மார்க்குக்கு எழுதிய வாயுக்களின் இயக்கக் கொள்கைதான், வேறொன்றும் இல்லை. ஆனால் எழுதிய வருஷம் 1845. அப்போது வெப்பம் என்பது ஒருவகைத் திரவம் என்று நம்பியவர்கள் இன்னும் நிறையப் பேர்.

பம்பாயிலிருந்து கப்பலில் போன கட்டுரை 1845 டிசம்பரில் ராயல் சொசைட்டிக்கு வந்து சேர்ந்து, 1846 மார்ச்சில் கூட்டத்தில் படிக்கப்பட்டது. ரெஃபரிகள் இரண்டு பேர். ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டு கணிதப் பேராசிரியர் பேடன் பவல். சாரணர் இயக்கம் ஆரம்பித்தாரே, அவருடைய அப்பா. அழுத்தம் மோதலால் வருகிறது என்ற அடிப்படையே வெறும் ஊகம், அதன்மேல் கணிதம் கட்ட முடியாது என்று எழுதினார். இன்னொருவர் லப்பக், வானியல் அறிஞர், பாங்க் முதலாளியும்கூட. இவர் அவ்வளவு மரியாதைகூடக் காட்டவில்லை. சுத்த அபத்தம், கூட்டத்தில் படிப்பதற்கே லாயக்கில்லை என்ற ரீதியில் முடித்துவிட்டார். கட்டுரை அச்சாகவில்லை. ஒரு சின்னச் சுருக்கம் மட்டும் வந்தது.

சொசைட்டியில் இன்னொரு விதி இருந்தது. கூட்டத்தில் படித்த கட்டுரை சொசைட்டியின் சொத்து. எழுதியவருக்குத் திருப்பித் தர மாட்டார்கள். வாட்டர்ஸ்டனிடம் வேறு பிரதி இல்லை. ஜெராக்ஸ் காலமா அது? பல வருஷ உழைப்பு மொத்தமும் லண்டனில் ஒரு பீரோவுக்குள் போய்விட்டது. இவரால் வேறு பத்திரிகைக்கு அனுப்பவும் முடியவில்லை. 1857-இல் ஸ்காட்லாந்து திரும்பினார். அதற்குள் ஜெர்மனியில் க்ரோனிக்கும் கிளாசியஸும் அதே கருத்தோடு வந்துவிட்டார்கள். 1860-இல் மேக்ஸ்வெல் வந்து பெயரையும் தட்டிக்கொண்டு போனார். வாட்டர்ஸ்டன் 1883 ஜூன் 18 அன்று எடின்பரோவில் வீட்டைவிட்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை.

ராலே உள்ளே வருவது இங்கேதான். ஒலியின் வேகத்தைப் பற்றி யார் யார் என்னென்ன எழுதினார்கள் என்று பழைய வால்யூம்களைப் புரட்டும் பழக்கம் அவருக்கு உண்டு. வாட்டர்ஸ்டன் 1858-இல் ஒலி பற்றி எழுதிய ஒரு கட்டுரையில், ராயல் சொசைட்டியில் கிடக்கும் தன் பழைய கட்டுரையைக் குறிப்பிட்டிருந்தார். நாமாக இருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்போம். ராலே எழுந்து போய்த் தேடினார். செயலாளர் என்பதால் ஆவணக் காப்பகம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 1891-இல் கட்டுரை கிடைத்தது. சாமர்செட் ஹவுஸிலிருந்து பர்லிங்டன் ஹவுஸுக்கு சொசைட்டி வீடு மாறியபோதும் தொலையாமல் கூடவே வந்திருந்தது. ஆசிரியர் கைக்குத் திரும்பிப் போக விடாமல் செய்த அதே விதிதான் கட்டுரையைக் காப்பாற்றியும் வைத்திருந்தது. திருப்பிக் கொடுத்திருந்தால் எந்த வீட்டுப் பரணில் கரையான் தின்றிருக்குமோ.

1892-இல் ராயல் சொசைட்டியின் இதழிலேயே அந்தக் கட்டுரை அச்சேறியது. ராலே அதைத் தன் நடையில் மாற்றி எழுதாமல், வாட்டர்ஸ்டன் எழுதினபடியே போட்டு, முன்னால் ஒரு முன்னுரை வைத்தார். என்னைக் கவர்ந்தது அந்த முன்னுரைதான். அதில் அவர் ரெஃபரியை வசை பாடவில்லை, வாட்டர்ஸ்டனுக்கு மாலையும் போடவில்லை. இந்தக் கட்டுரை அப்போதே வந்திருந்தால் விஷயம் பத்துப் பதினைந்து வருஷம் முன்னேறியிருக்கும் என்று தன் சொசைட்டியின் தவறை ஒப்புக்கொள்கிறார். வாயுவின் வெப்ப எண்களின் விகிதத்தில் வாட்டர்ஸ்டன் போட்ட தப்புக் கணக்கையும் மறைக்கவில்லை. இன்னொன்றையும் கவனித்தார். 1738-லேயே டேனியல் பெர்னூலி இதே கருத்தைத் தொட்டிருந்தார். வாட்டர்ஸ்டன் அவர் பெயரையே சொல்லவில்லை. பெர்னூலியின் கருத்தை நான் வளர்த்திருக்கிறேன் என்று ஒரு வரி போட்டிருந்தால், அதை அபத்தம் என்று எழுத அந்த ரெஃபரிக்குக் கை கொஞ்சம் தயங்கியிருக்கும் என்பது ராலேயின் கணிப்பு. ரெஃபரன்ஸ் லிஸ்டை ப்ராஜெக்ட் சப்மிட் பண்ணுகிற முந்தின நாள் ராத்திரி ஒப்பேற்றும் தம்பி தங்கைகள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கவும்.

அதே முன்னுரையில் ஒரு புத்திமதியும் இருக்கிறது. பெயர் தெரியாத இளைஞர் பெரிய கற்பனையோடு நேராக ஒரு சங்கத்தின் கதவைத் தட்டுவதைவிட, மதிப்பு சுலபமாகத் தெரியும் சின்ன வேலைகள் சிலவற்றைச் செய்து பெயர் வாங்கிக்கொண்டு பிறகு உயரப் பறக்கலாம் என்கிறார். எனக்கு இதில் உடன்பாடு பாதிதான். பெயர் இல்லாமல் போன தன் கட்டுரைக்கே என்ன கதி ஆயிற்று என்று பார்த்த மனிதர், பெயரைப் பார்க்காமல் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ரெஃபரிகளுக்கு அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? ஆனால் உலகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர் சொன்னது என்ற வகையில் ஒதுக்கவும் முடியவில்லை.

ராலே செய்த வேலைக்கு இப்போது முறையான படிப்பு மாதிரியே ஒன்று உருவாகியிருக்கிறது. ராயல் சொசைட்டி காப்பகத்தில் உள்ள கட்டுரைகள், ரெஃபரி அறிக்கைகள், கமிட்டி குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் யுனிவர்சிட்டி வரலாற்று ஆய்வாளர்கள் பல வருஷம் உழைத்து, 2022-இல் அந்த இதழின் முழு வரலாற்றையும் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். இந்த வேலைக்கு ஒருவரைத் தயார் செய்வது லேசு இல்லை. பழைய கையெழுத்தை வாசிக்கப் பழக வேண்டும். கட்டுரை, அறிக்கை, முடிவு மூன்றையும் தேதிவாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும். கட்டுரையைக் கொண்டுவந்து சமர்ப்பித்தவர் யார், ரெஃபரிக்கு எழுதியவரைத் தெரியுமா என்று விசாரிக்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கஷ்டம், விடை தெரிந்த இன்றைய மூளையைக் கழற்றி வைப்பது. லப்பக்கை முட்டாள் என்று இன்று நான் சொல்லிவிட்டுப் போகலாம். அவர் முட்டாள் அல்ல. 1845-இல் படித்தவர்கள் பலரும் நம்பியதையே அவரும் நம்பினார். அதே நம்பிக்கைக்காரர்கள் தள்ளிய நூறு கட்டுரைகளில் மீதி பலவும் உண்மையாகவே குப்பையாக இருக்கலாம். தப்பாகத் தள்ளிய ஒன்றை மட்டும் எடுத்துக் கதை சொல்வது சுலபம். பீரோ முழுவதையும் படித்தவர்தான் ரெஃபரி முறை நல்லதா கெட்டதா என்று பேச முடியும்.

எனக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். நானும் ஒரு தடவை லப்பக்காக இருந்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பம்ப் செட்டில் அதிர்வு. டிரெய்னியாக வந்த பையன் ஒரு பக்க நோட் எழுதிக்கொண்டு வந்தான்: மெஷின் சூடானதும் மோட்டார் பக்கம் உயர்கிறது, குளிர்ந்த நிலையில் பார்த்த அலைன்மென்ட் போதாது என்று. வந்து ஆறு மாசம் ஆகவில்லை, அதற்குள் தியரி பேசுகிறான் என்று எனக்குத் தோன்றியது. சிவப்பு மையில் நடைமுறைக்கு ஒவ்வாது என்று எழுதி ஃபைலில் போட்டேன். ஒன்றரை வருஷம் பேரிங் மாற்றிக்கொண்டே இருந்தோம். பிறகு வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் அதையேதான் சொன்னார், பீஸ் வாங்கிக்கொண்டு. பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து அப்படியே இருந்தது. பையன் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தான். அந்த நோட்டை நான் எந்த யோசனையும் இல்லாமல் ஃபைலில் போட்டதில் ஒரே ஒரு நன்மை, கிழித்துப் போடாததுதான்.

ராலேயிடம் திரும்பிப் போவோம். வாட்டர்ஸ்டன் கட்டுரை அச்சான அதே 1892-இல் அவர் வேறொரு புதிரில் மாட்டிக்கொண்டிருந்தார். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், ரசாயன முறையில் தயாரித்த நைட்ரஜனைவிட ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு கனமாக இருந்தது. வேறு யாராவது இருந்தால் அளவைப் பிழை என்று ரவுண்ட் ஆஃப் செய்திருப்பார்கள். இவர் நேச்சர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, காரணம் தெரிந்த ரசாயனக்காரர்கள் சொல்லுங்கள் என்று வெட்கப்படாமல் கேட்டார். பிறகு வில்லியம் ராம்சேயும் இவருமாகத் தேடி, ஆர்கான் என்ற புது வாயுவைக் கண்டுபிடித்து 1894-இல் அறிவித்தார்கள். இதிலும் ஒரு பழைய காகிதம் உண்டு. 1785-லேயே ஹென்றி கேவண்டிஷ், காற்றில் எவ்வளவு முயன்றாலும் கரையாமல் நூற்றிருபதில் ஒரு பங்குக்கு மேல் போகாத ஒரு குமிழி மிஞ்சுகிறது என்று அச்சிலேயே எழுதி வைத்திருந்தார். நூறு வருஷத்துக்கு மேல் எல்லாரும் அந்தக் குமிழியைத் தாண்டிப் போயிருந்தார்கள். 1904-இல் ராலேக்கு இயற்பியல் நோபல் பரிசு, ராம்சேக்கு ரசாயன நோபல் பரிசு.

1899-இல் வானத்தின் நீலத்துக்குத் தூசி எதுவும் தேவையில்லை, காற்றின் மூலக்கூறுகளே போதும் என்று காட்டினார். டார்ஜிலிங் பக்கத்திலிருந்து பார்த்தால் நூறு மைல் தள்ளி எவரெஸ்ட் தெரிகிறதே, அதுவும் அந்தக் கணக்கில் வருகிறது. வாட்டர்ஸ்டன் பம்பாயில் உட்கார்ந்து கற்பனை செய்த மூலக்கூறுகள்தான். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே என்று ராலே சொன்னதை மட்டும் 1921-இல் நம் சர் சி.வி. ராமன் கப்பலிலிருந்தே சோதித்துப் பார்த்து மறுத்தார். ஒலியியலில் ராலேயின் புத்தகத்தைப் படித்து வளர்ந்தவர்தான் ராமனும்.

1896-இல் செயலாளர் பதவியை விட்டவர், 1905 முதல் 1908 வரை ராயல் சொசைட்டியின் தலைவர், 1908-இலிருந்து கேம்பிரிட்ஜின் வேந்தர். நானூறுக்கு மேல் கட்டுரைகள். கடைசி வருஷத்தில் ஆவி ஆராய்ச்சிச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார் என்பதைக் கேட்டு நம் பகுத்தறிவு நண்பர்கள் சிரிக்கலாம். எதையும் படிக்காமல் தள்ளக்கூடாது என்ற பிடிவாதம் அந்த அளவுக்குப் போயிருந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 1919 ஜூன் 30 அன்று டெர்லிங்கில் காலமானார். வாட்டர்ஸ்டனின் எல்லாக் கட்டுரைகளும் ஒரே தொகுப்பாக வர 1928 ஆயிற்று, ஹால்டேன் தொகுத்தார்.

ஜூனியர்களுக்கு ஒரு தகவல். நம் டிபார்ட்மென்ட் லைப்ரரி மாடிப்படிக்குக் கீழே உள்ள ரூமில் பழைய ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் கறுப்பு பைண்டிங்கில் அடுக்கிக் கிடக்கின்றன. சிலவற்றில் கைடும் எக்ஸ்டெர்னலும் பென்சிலில் எழுதிய குறிப்புகள் அப்படியே இருக்கின்றன. போன முறை வந்தபோது நாலைந்தைப் புரட்டிப் பார்த்தேன். ரீயூனியன் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் சாவி வாங்கித் தருவதாக லைப்ரரியன் சொல்லியிருக்கிறார். வருகிறவர்கள் வரலாம். தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் கர்சீப் கொண்டு வரவும்.